அத்தைக்கு ஒரு சிடி: எந்த மென்பொருளில் போடலாம்?

கொழிஞ்சாம்பாறையில் அத்தை வீட்டில் இன்னும் ஒரு பழைய டிவிடி பிளேயர் ஓடிக்கொண்டிருக்கிறது. பென்டிரைவ் செருக அதில் இடம் கிடையாது. சித்தப்பா மகன் கல்யாணம் முடிந்ததும் அத்தை கேட்டார்: "செல்லுல எல்லாம் எனக்குப் பார்க்கத் தெரியாது கண்ணு, ஒரு சிடி போட்டுக் குடு." எங்கள் பக்கம் டிவிடியும் சிடிதான். வீடியோக்காரர் தந்த எம்பி4 கோப்பை வெற்று டிவிடியில் அப்படியே இழுத்துப் போட்டு, ரைட் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். சாயந்திரமே போன் வந்தது. "ஏன் கண்ணு, டிவில ஒண்ணுமே வரலையே?"

தப்பு என்னுடையது. நான் போட்டது டேட்டா டிவிடி, அதாவது கோப்பை அப்படியே வைத்திருக்கும் வட்டு. பழைய பிளேயருக்கு வேண்டியது டிவிடி வீடியோ. அதாவது படம் எம்பெக்-2 என்ற வடிவத்துக்கு மாறி, வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டருக்குள் ஐஎஃப்ஓ, விஓபி கோப்புகளாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே வேலை இரண்டு: அந்த ஃபோல்டரைத் தயாரிப்பது ஒன்று, வட்டில் எழுதுவது இன்னொன்று. எது நல்ல மென்பொருள் என்று கேட்கும்போது, இதில் எந்த வேலைக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விண்டோஸிலேயே இருப்பதை முதலில் பார்க்கலாம். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் சில பதிப்புகளில் டிவிடி மேக்கர் என்று ஒன்று இருந்தது. சாதாரண ஆளுக்கு அது போதும். விண்டோஸ் 8-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வெற்று டிவிடியைப் போட்டால் பென்டிரைவ் மாதிரியா, சிடி டிவிடி பிளேயருக்கா என்று ஒரு கேள்வி வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பிளேயரில் ஓடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதுவும் டேட்டா டிவிடிதான். படத்தை மாற்றித் தராது. நான் விழுந்த குழி அதுதான்.

நீரோ என்ற பெயர் ஒரு காலத்தில் டிவிடி ரைட்டர் வாங்கினால் பெட்டியிலேயே வந்தது. நல்ல சரக்கு. ஆனால் அதிலுள்ள பர்னிங் ராம் (Burning ROM) வட்டில் எழுதுவதற்கு. மெனு வைத்து டிவிடி தயாரிக்க நீரோ வீடியோ வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியது. வருஷத்துக்கு இரண்டு வட்டு போடுகிறவருக்கு எதற்கு என்பது என் எண்ணம்.

இலவசத்தில் தயாரிப்பு வேலைக்கு டிவிடி ஃபிளிக்கும் டிவிடி ஸ்டைலரும் போட்டியில் நிற்கின்றன. ஃபிளிக் மிக எளிது. கோப்பை இழுத்துப் போட்டு, பால் (PAL) என்ற டிவி முறையைச் சொல்லி, பட்டனை அமுக்கினால் வேலை நடக்கும். ஆனால் அதன் வளர்ச்சி 2009-ஓடு நின்றுவிட்டது, மெனுவிலும் சொந்தமாகச் செய்ய அதிகம் இடமில்லை. ஸ்டைலர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மெனுவை நம் இஷ்டத்துக்கு வரையலாம்; பட்டனை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அத்தைக்கு இணைச்சீர், முகூர்த்தம், விருந்து என்று மூன்று பட்டன் வைத்தேன். எழுத்தை ஸ்டைலரில் தட்டச்சவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து எழுத வேண்டியிருந்ததால், படம் வரையும் மென்பொருளில் எழுதி, அந்தப் படத்தையே மெனுவின் பின்னணியாக வைத்துவிட்டேன். கொம்பும் காலும் பிசகாமல் வந்தன.

ஸ்டைலரில் முதலில் டிவி முறை பாலா, அமெரிக்காவின் என்டிஎஸ்சியா (NTSC) என்று கேட்கும். நம் நாட்டு முறை பால்: 720-க்கு 576, நொடிக்கு 25 படம். கேமராவில் 25-இல் எடுத்திருந்தால் யோசிக்காமல் பால் போடலாம். செல்போன்கள் பெரும்பாலும் 30-இல் எடுக்கும். அதை 25 ஆக்கினால் கேமரா திரும்பும் இடமெல்லாம் படம் வெட்டி வெட்டிப் போகும். அதற்கு 720-க்கு 480 அளவுள்ள என்டிஎஸ்சியே மேல். இங்கே விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். இருந்தாலும் ஒரு வட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

இன்னொரு கணக்கு. ஒற்றை அடுக்கு டிவிடியின் 4.7 ஜிபியை கம்ப்யூட்டர் 4.38 என்றுதான் காட்டும். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஒலியும் சேர்த்து ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் சுமார் 5 மெகாபிட் இடம் கிடைக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும். நான்கு மணி நேரக் கல்யாணத்தை ஒரே வட்டில் அடைத்தால் 2.6 தான். அட்சதை தூவும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். எந்த மென்பொருளாலும் இதைத் தாண்ட முடியாது. நான் இரண்டு வட்டாகப் பிரித்தேன்.

அப்புறம் எழுதும் வேலை. ஸ்டைலரே எழுதித் தரும் என்றாலும் நான் முழு வட்டையும் ஒரே கோப்பாக வைக்கும் ஐஎஸ்ஓ (ISO) கோப்பாகச் சேமித்துக்கொள்கிறேன். மாற்றுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனாலும் வட்டு வீணாகாது, பிறகு எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். எழுதுவதற்கு விண்டோஸில் இம்ஜ்பர்ன். கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது, அதற்குப் பிறகு புதிதாக எதுவும் இல்லை, ஆனாலும் இன்றும் இதற்கு நிகராக எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்க்கும். வீடியோ டிஎஸ் ஃபோல்டரை நேராகக் கொடுத்தால், அமைப்பு தவறாக இருந்தால் திருத்தட்டுமா என்று கேட்கும். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது போடட்டுமா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். அதனால் பாலக்காடு ஓரத்துத் தமிழ் வீடுகளில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கணினி அபூர்வமில்லை. அங்கே ஸ்டைலரோடு, வட்டில் எழுதும் கே3பி (K3b) சேர்ந்தால் போதும். கே3பியின் வீடியோ டிவிடி பகுதி வெறும் எம்பி4-ஐ மாற்றித் தராது. தயாரான ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும்.

வட்டில் 16 மடங்கு வேகம் என்று அச்சிட்டிருந்தாலும் நான் 8 மடங்கில் எழுதுகிறேன். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெற்று வட்டில் டிவிடி பிளஸ் ஆர் (DVD+R), மைனஸ் ஆர் (DVD-R) என்று இரண்டு வகை; பழைய பிளேயருக்கு மைனஸ் ஆர் வாங்குவது பத்திரம்.

அத்தை வீட்டில் இப்போது முதல் வட்டு மட்டும்தான் ஓடுகிறதாம். இரண்டாவதைச் சித்தூரிலிருந்து வந்த நாத்தனார் எடுத்துப் போய்விட்டார். ஐஎஸ்ஓ இருப்பதால் அவருக்கு முதல் வட்டும் அத்தைக்கு இரண்டாவதும் இன்று ராத்திரி போட்டுவிடுவேன்.