ஒட்டுவது எளிது, அடுக்குதான் வம்பு

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரு பில் போடும் நிரல் எழுதினேன். தேவை மூன்று இன்டர்ஃபேஸ் (ஒரு வேலைக்கு என்னென்ன ஃபங்ஷன் வேண்டும் என்னும் பட்டியல்): சரக்கு இருப்பு, பேநவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையில் வரும் பணம், நடந்ததைக் குறித்துவைக்கும் லாக். மூன்றும் ஒரே ஃபங்ஷனுக்கு வேண்டும் என்னும்போதுதான் மொழிக்கு மொழி கதை மாறுகிறது.

ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் இதற்கு டைப் கிளாஸ், அதாவது ஒரு டைப் (தரவு வகை) தர வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியல்; 1989-இல் வாட்லரும் பிளாட்டும் முன்வைத்த யோசனை. மூன்று கிளாஸ் பெயர்களையும் காற்புள்ளி போட்டு ஃபங்ஷனின் டைப்புக்கு முன்னால் எழுதினால் முடிந்தது. ஒன்றை விட்டுவிட்டால் கம்பைலரே சொல்லிவிடும். இதைவிடச் சுலபமாக ஒட்ட முடியாது.

ஆனால் அரிசி மூட்டையை இருப்பில் கழித்த பிறகு பணம் வராமல் போனால்? இருப்பை நினைவில் வைக்க ஓர் அடுக்கு (ஸ்டேட் அல்லது ஸ்டேட்டி), பிழையைக் கையாள ஓர் அடுக்கு (எய்தர் அல்லது எக்ஸெப்ட்டி); ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஸ்டேட்டி மேலேயும் எய்தர் அடியிலேயும் இருந்தால், பிழையைப் பிடித்ததும் பழைய இருப்பிலிருந்தே தொடரும். எக்ஸெப்ட்டி மேலே, ஸ்டேட் அடியில் என்று மாற்றினால், பணம் வராவிட்டாலும் மூட்டை கழிந்தது கழிந்ததுதான். இரண்டுக்கும் ஃபங்ஷனின் டைப் ஒன்றே! எது நடக்கும் என்பது எங்கேயோ தள்ளி, நிரலை ஓடவிடும் வரியில் முடிவாகிறது. நான் தலைகீழாக அடுக்கியிருந்தேன். மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணிய மாமாதான் கண்டுபிடித்தார்.

இன்னொரு நிரல்மொழியான ஓகேமலில் ஃபங்க்டர்: ஒரு மாட்யூலை (நிரல் தொகுதியை) வாங்கி இன்னொரு மாட்யூலைத் தருவது. எந்த மாட்யூல் எதோடு சேர்கிறது என்பது ஓரிடத்தில் பளிச்சென்று தெரியும். எழுத்து வேலைதான் ஜாஸ்தி. இரண்டு சிக்னேச்சரிலும் (மாட்யூலின் இன்டர்ஃபேஸ்) ‘டி’ என்றே டைப் இருந்து, இரண்டையும் ஒன்றுக்குள் சேர்த்து இன்க்ளூட் செய்தால் முட்டிக்கொள்ளும், 2010-இல் 3.12 பதிப்பில் வந்த டைப் மாற்றீட்டால் அதைச் சரிசெய்யலாம். 2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5-இன் எஃபெக்ட் ஹேண்ட்லர்கள் (ஃபங்ஷன் கேட்கும் வேலையை, அதாவது எஃபெக்டை, வெளியிலிருந்து செய்து தருபவை) அழகுதான், ஆனால் எந்த எஃபெக்ட் என்பது டைப்பில் தெரியாது. ஹேண்ட்லரை மறந்தால் ஓடும்போதுதான் கவிழும். கடை நேரத்தில் அது வேண்டாம்.

கடைசியில் ஃபங்ஷன்களை வைத்த சாதாரண ரெக்கார்டுக்கே (பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) வந்தேன். மூன்று ரெக்கார்டை ஒரு பெரிய ரெக்கார்டுக்குள் வைத்து எல்லா ஃபங்ஷனுக்கும் கையால் கடத்த வேண்டும், சலிப்புதான். ஆனால் டெஸ்ட்டுக்குப் பொய்யான பேநவ் செய்வது இரண்டே வரி. இருப்பைக் கழிக்கும் வரியைப் பணம் வந்த பிறகு வரும்படி நானே நகர்த்திவிட்டேன்.