வேர்டில் பின்னமும் குறியீடும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

வேர்டு தானாக மாற்றித் தரும் பின்னங்கள் மூன்றுதான்: ½, ¼, ¾. 1/2 என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் ½ வந்துவிடும். 5/8, 3/8 எல்லாம் அடித்தபடியே நிற்கும். திருப்பூரிலிருந்து அமெரிக்க பையருக்கு, அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்துக்கு, போகும் மெஷர்மென்ட் சார்ட்டில் (ஆடை அளவுப் பட்டியலில்) அரைக்கால் (1/8) இஞ்ச் கணக்குதான் அதிகம். அதனால் மேல் வரியில் 12½ என்றும் கீழ் வரியில் 12 5/8 என்றும் இரண்டு தினுசாக விழும். நடுவில் ஸ்பேஸ் விட்டுப்போனால் 125/8. அதைவிட மோசம் 11/2. ஒன்றரையா, ஐந்தரையா என்று கட்டிங் டேபிளில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆவணத்தில் பின்னம் முழுக்க ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பத்திரம், வாடகை ஒப்பந்தம் அடிப்பவர்களுக்கு இந்தத் தானியங்கி மாற்றமே வேண்டாம். கதவு எண் 1/4, சர்வே எண் 3/4 என்று அடித்தால் அது ¼, ¾ ஆகிவிடுகிறது. உடனே கண்ட்ரோல்+இசட் அழுத்தினால் பழையபடி திரும்பும், ஆனால் வேகத்தில் கண்ணில் படாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் 'ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்' பக்கத்தில் ஃபிராக்‌ஷன்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆவண வேலை செய்யும் கம்ப்யூட்டரில் இது கட்டாயம்.

அரைக்கால் வரிசைக்குச் சுலபமான வழி ஆல்ட்+எக்ஸ்; அடித்த குறியீட்டு எண்ணை அதற்குரிய எழுத்தாக அது மாற்றும். 215 அடித்து, ஒட்டினாற்போல் ஆங்கில பி எழுத்தையும் அடித்து ஆல்ட்+எக்ஸ் தட்டினால் ⅛. பி-க்குப் பதில் சி என்றால் ⅜, டி என்றால் ⅝, ஈ என்றால் ⅞. 2153 என்றால் ⅓, 2154 என்றால் ⅔. தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஆங்கில எழுத்து விழாது, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

இதில் சிக்குகிற இடம் ஒன்று உண்டு. 12 அடித்து அதை ஒட்டியே குறியீட்டு எண்ணை அடித்தால், முன்னால் உள்ள இலக்கத்தையும் குறியீட்டு எண்ணோடு சேர்த்து வேர்டு எடுத்துக்கொள்ளும். கட்டமோ சம்பந்தமில்லாத எழுத்தோ வரும். குறியீட்டு எண்ணை மட்டும் செலக்ட் செய்து ஆல்ட்+எக்ஸ் தட்டினால் சரியாக வரும்.

தினமும் நூறு வரி அடிப்பவர்களுக்கு ஆட்டோகரெக்ட் மேல். இன்சர்ட், சிம்பல், மோர் சிம்பல்ஸ் திறந்து 'நம்பர் ஃபார்ம்ஸ்' பகுதியில் ⅝-ஐத் தேர்ந்து, அங்கேயே உள்ள ஆட்டோகரெக்ட் பொத்தானில் எஃப்58 போன்ற சுருக்கத்தைப் பதியுங்கள். 5/8-ஐயே சுருக்கமாக வைக்காதீர்கள், ஆகஸ்ட் 5 தேதியும் ⅝ ஆகிவிடும். இந்தப் பட்டியலை வேர்டு மொழிவாரியாக வைத்திருக்கிறது. ஆங்கில வரியில் வேலை செய்கிற சுருக்கம் தமிழ் என்று குறிக்கப்பட்ட வரியில் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் அதுதான். தமிழ்ப் பத்தியில் நின்று இன்னொரு முறை பதிய வேண்டும்.

பதினாறில் பங்குகளுக்கு, அதாவது பட்டறைக்காரர்கள் கேட்கிற 5/16, 7/16, 9/16 ஸ்பேனர் அளவுகளுக்கு, தனி எழுத்து யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையில்) கிடையாது. கையால் கட்ட வேண்டியதுதான். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சமக்குறி தட்டி 5. மறுபடி அதையே தட்டி மேலெழுத்தை நிறுத்தி, 2044 அடித்து, அதை மட்டும் செலக்ட் செய்து ஆல்ட்+எக்ஸ். பிறகு கண்ட்ரோல்+சமக்குறி தட்டி 16. 2044 என்பது பின்னத்துக்கென்றே உள்ள சாய்கோடு. சாதாரண சாய்கோட்டைவிட நன்றாகப் படுத்திருப்பதால் எண்கள் நெருங்கி உட்காரும். முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ் போடுங்கள். 2 ஒரு வரியிலும் 5/16 அடுத்த வரியிலும் பிரிந்து போகாது. ஒருமுறை கட்டியதை ஆட்டோடெக்ஸ்டாகச் சேமித்தால் அடுத்த தடவை இவ்வளவு பாடு இல்லை.

பல அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய டாப், டாம், டிஸ்கி காலத்து எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் 128-க்கு மேற்பட்ட இடங்களைத் தமிழ் எழுத்துகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ¼, ½, ¾ மூன்றின் இடங்களும் 188, 189, 190. அதனால் அந்த எழுத்துருவில் ½ போட்டால் ஏதோ ஒரு தமிழ் எழுத்து தெரியும். ± (177), ° (176), × (215) எல்லாவற்றுக்கும் இதே கதி. ⅝ மட்டும் ஒழுங்காக வரும். அதன் எண் 255-ஐத் தாண்டியது, பழைய எழுத்துருவில் அதற்கு இடமே இல்லை என்பதால் வேர்டு வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறது. பின்னத்துக்கென்று டைம்ஸ் நியூ ரோமனில் ஒரு கேரக்டர் ஸ்டைல் உண்டாக்கி ஷார்ட்கட் கொடுத்துவிடுங்கள். முழு ஆவணத்தையும் செலக்ட் செய்து எழுத்துருவை மாற்றினால் போட்டதெல்லாம் மறுபடி தமிழ் எழுத்தாகிவிடும் என்பதை பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். யூனிகோடுக்கு மாறுவதுதான் நிரந்தர வழி.

குறியீடுகளில் நம்பர் பேட் முறை இன்றும் வேகமானது: ஆல்ட்டை அழுத்தியபடி 0177 என்றால் ±, 0176 என்றால் °, 0215 என்றால் ×, 0216 என்றால் Ø. மேல்வரிசை எண்களில் இது நடக்காது. நம்லாக் எரிய வேண்டும். விட்டத்துக்கென்று ஆல்ட்+எக்ஸ் முறையில் 2300 எண்ணில் ⌀ தனியாக இருக்கிறது, ஆனால் பல எழுத்துருக்களில் இல்லாததால் டிராயிங் குறிப்புகளுக்கு Ø போதும். இஞ்ச் குறியை மேற்கோள் விசையில் அடித்தால் வேர்டு அதை வளைத்துவிடும். 2033, ஆல்ட்+எக்ஸ் என்றால் ″ வளையாமல் வரும். ₹-க்கு இங்கிலீஷ் இந்தியா விசைப்பலகையில் வலது ஆல்ட்+4. அந்தக் குறி 2010-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அது இருக்காது, கட்டம் தெரியலாம்.

சார்ட்டை எக்செலில் போடுகிறவர்கள் 1/2 என்று அடித்தால் தேதியாகிவிடும். 0, ஸ்பேஸ், 1/2 என்று அடியுங்கள். செல் ஃபார்மேட் ஒற்றை இலக்கப் பின்னத்தில் இருந்தால் 3/16-ஐ 1/5 என்று காட்டும். உள்ளே 0.1875 சரியாகவே இருக்கும், பிரிண்டில்தான் தப்பு. ஃபார்மேட்டில் 'சிக்ஸ்டீந்த்ஸ்' தேர்ந்தால் சரியாகும், ஆனால் அரையை 8/16 என்று காட்டும்.

நாமக்கல், ஈரோடு பக்கம் பள்ளி வினாத்தாள் அடிப்பவர்களுக்கு மேல்கீழ்ப் பின்னம் வேண்டும். ஆல்ட்+சமக்குறி தட்டி 3/4, ஸ்பேஸ். கலப்பு பின்னத்துக்கு முதலில் 3/4-ஐ அமைத்துவிட்டு, கர்சரை முன்னால் கொண்டுபோய் 2 அடியுங்கள். 23/4 என்று ஒரேயடியாக அடித்தால் 23 மொத்தமும் மேலே ஏறிவிடும். வரி இடைவெளி கூடும் என்பதால் கொட்டேஷனுக்கு இது ஒத்துவராது.

லிப்ரெ ஆபீஸிலும் ஆல்ட்+எக்ஸ் உண்டு. அதன் ஸ்பெஷல் கேரக்டர் பெட்டியில் பெயர் போட்டுத் தேடலாம், பிடித்ததை ஃபேவரிட்டில் வைக்கலாம்; குறியீடு தேட அதுதான் வேர்டைவிட வசதி. செல்போனில் ஜிபோர்டு வைத்திருந்தால் 1-ஐ அழுத்திப் பிடித்தால் ½, ⅛ வரும், 5-ஐப் பிடித்தால் ⅝.

எந்த முறையில் அடித்தாலும் பையருக்கு அனுப்புவது பிடிஎஃப் ஆக இருக்கட்டும். வேர்டு ஃபைலாகவே கேட்டால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பக்கத்தில் 'எம்பெட் ஃபாண்ட்ஸ்' டிக் போட்டுச் சேமித்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து ⅝-ம் ±-ம் அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.