டிரில், கிரைண்டர், உளி: சில வருடம் வேலை வாங்கிய பிறகு

புதிதாக வாங்கிய வாரத்தில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் வீட்டு வேலைக்கும் மரவேலை ஆசைக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கருவிகளைப் பற்றி, சில வருடம் அவற்றிடம் நன்றாக வேலை வாங்கிய பிறகுதான் எழுதுகிறேன். நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு எவ்வளவு பணம் போட்டோம் என்பதைவிட, அதன் நுனியில் மாட்டுகிற பிட்டுக்கும் பிளேடுக்கும் எவ்வளவு போட்டோம் என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. கடையில் எல்லோரும் எத்தனை வாட், எத்தனை ஆர்பிஎம் என்று கேட்கிறோம், சுவரையும் மரத்தையும் போய்த் தொடுவது என்னவோ அந்த நுனி மட்டும்தான்.

டிரில்லில் இருந்து ஆரம்பிக்கலாம். என்னிடம் இருப்பது போஷ் ஜிஎஸ்பி 500 ஆர்இ, 500 வாட், பிட்டைப் பிடிக்கும் வாயான சக் 10 மி.மீ. பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கியது. ஆன்லைன் விலைக்கும் கடை விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கடையில் கையில் பிடித்துப் பார்க்கலாம், ஒரு நீளமான பிட்டை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு நுனி ஆடுகிறதா என்று பார்க்கலாம். நுனி வட்டமடித்தால் சக் சரியில்லை, அல்லது பிட் வளைந்திருக்கிறது, வேறு பிட் மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நூறு சாமான் அடங்கிய கிட் எடுக்காமல் மெஷினை மட்டும் வாங்கி, மிச்சமான பணத்தில் 6, 8 மி.மீ. அளவுகளில் நல்ல கான்கிரீட் பிட்டுகளும், இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் என்கிற கடின எஃகு பிட்டுகளும், மரத்துக்கு நடுவில் கூர்முனை உள்ள பிட்டுகளும் தனித்தனியாக எடுத்தேன். இன்றைக்கும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நம் வீடுகளில் டிரில்லுக்கு உண்மையான பரீட்சை கர்ட்டன் ராடு மாட்டுவதுதான். ஜன்னலுக்கு மேலே பிராக்கெட் வருகிற இடம் பெரும்பாலும் லிண்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். கீழே செங்கல் சுவரில் வெண்ணெயாக இறங்கின அதே டிரில் அங்கே போனதும் கத்தும், புகை வரும், துளை அரை இன்ச் கூட இறங்காது. மெஷின் மட்டம் என்று நினைத்துவிடுவார்கள், காரணம் அது இல்லை. என்னுடையது போலச் சுற்றிக்கொண்டே அடிக்கவும் செய்யும் இம்பாக்ட் டிரில் எதுவானாலும் உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக் குதிப்பதால்தான் அந்த அடி வருகிறது. நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் அடியும் இருக்கும். ரோட்டரி ஹாமர் வேறு ஜாதி. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு சுத்தியை ஓட்டிப் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. பிட்டும் சக்கில் இறுக்கிப் பிடிபடாமல் முன்னும் பின்னும் நகர இடம் கொடுத்து மாட்டப்படுகிறது. எஸ்டிஎஸ் என்கிற அந்த மாட்டும் முறையை போஷ் 1975 வாக்கில் கொண்டுவந்தது. ரோட்டரி ஹாமரை லேசாகப் பிடித்தாலே போதும், தோள் வலிக்க அழுத்தத் தேவையில்லை.

என் யோசனை: வீட்டில் மொத்தமே நாலைந்து ஜன்னல் என்றால் ரோட்டரி ஹாமர் வாங்கவே வேண்டாம், பல ஊர்களில் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் 2 ஜூல் அடி உள்ள சின்ன மெஷினே வீட்டுக்குத் தாராளம். எந்த மெஷினாக இருந்தாலும் இறங்கிக்கொண்டிருந்த பிட் திடீரென்று நின்று, சத்தமும் மாறினால் அது கம்பி. அங்கேயே மல்லுக்கட்டினால் பிட்டின் நுனியில் பற்றவைத்திருக்கும் கார்பைடு துண்டு பெயர்ந்து போகும். ஒரு இன்ச் தள்ளிப் போடுங்கள். புது அபார்ட்மென்ட்களில் சாம்பல் நிறத்தில் லேசாக இருக்கும் ஏஏசி பிளாக் சுவர் என்றால் நேரெதிர் பிரச்சினை, அதில் ஹாமர் மோடே போடக்கூடாது. போட்டால் துளை அகலமாகி, ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் சொருகும் ராவல் பிளக் கையோடு வந்துவிடும். வெறும் சுற்று மட்டும் வைத்து, பிளக்கின் அளவுக்கு ஒரு மி.மீ. குறைவான பிட்டில் போட்டால் கெட்டியாக நிற்கிறது.

அப்புறம் கிரைண்டர். நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டரின் வேகம் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் உடைகிற துண்டு எங்கே போகும் என்று யோசித்தால் டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்ய மனம் வராது. நம் ஊரில் வெல்டிங் பட்டறையில் பாதிப் பேர் கார்டு இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், கண்ணாடியும் போடுவதில்லை, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். தயவுசெய்து வீட்டில் அதைப் பழக்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்கள். நடுத் துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும், காலாவதித் தேதி அது. பிசினால் ஒட்டிய டிஸ்க் ஈரம் இழுத்துப் பலம் குறையும், அதனால் தயாரித்ததில் இருந்து மூன்று வருடம்தான் கணக்கு. கடையில் அடியில் கிடந்த பழைய ஸ்டாக்கை சல்லிசாகத் தருகிறார்கள் என்று எடுக்காதீர்கள். மெல்லிய இரும்புப் பைப்புக்கு 1 மி.மீ. டிஸ்க் போட்டால் பொறி குறைவு, சூடு குறைவு, வெட்டும் சீக்கிரம் முடிகிறது.

கிரைண்டர் எடுப்பவர்கள் ஸ்விட்ச்சைப் பார்த்து எடுக்கச் சொல்வேன். தள்ளி லாக் ஆகும் ஸ்விட்ச் உள்ள மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், நாம் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய்விடுவோம், கரண்ட் வந்ததும் அது தரையில் தானே ஓட ஆரம்பிக்கும். நம் ஊர் மின்வெட்டுக்கு இது நிஜமான ஆபத்து. கையை எடுத்தால் நிற்கும் பேடில் ஸ்விட்ச் மாடலோ, கரண்ட் திரும்ப வந்தாலும் தானே ஓடாத பாதுகாப்பு உள்ள மாடலோ கொஞ்சம் விலை கூட இருக்கும், அந்தக் காசு நியாயமான காசு. கிரைண்டரில் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடு மாட்டுவது மட்டும் என் பட்டறையில் கிடையவே கிடையாது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் நம் மேல்தான் வரும்.

மரம் வெட்ட நம் ஆசாரிகள் பெரும்பாலும் மார்பிள் கட்டரில் கார்பைடு பல் பிளேடு போட்டு ஓட்டுகிறார்கள். கை பழகியவர்கள் அதில் ப்ளைவுட்டை நூல் பிடித்த மாதிரி வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதன் கார்டு கல்லுக்காகச் செய்தது, பிளேடின் அடிப்பாகம் மூடாமல் அப்படியே இருக்கும். நான் ஏழு இன்ச் சர்க்குலர் சா என்கிற வட்ட ரம்ப மெஷினுக்கு மாறினேன், மாறியதில் நிம்மதி. அதோடு வந்த 24 பல் பிளேடு சட்டம் கிழிக்க நன்றாக இருந்தது, ப்ளைவுட்டுக்கு 60 பல் பிளேடு தனியாக வாங்கினேன், வெட்டு முகம் வழவழப்பாக வந்தது. மெஷின் அதேதான், பிளேடுதான் வேறு. கையில் பிடித்து ஓட்டும் சர்க்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே வெட்டி வருவதால் மேல்பக்கம்தான் பிசிறடிக்கும். ஆகவே பலகையின் நல்ல முகம் கீழே இருக்கட்டும். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஜிக் சா மெஷினுக்கும் இதே கதைதான். அதில் டி101பி பிளேடு மரத்துக்குச் சுத்தமான வெட்டு, டி101பிஆர் என்றால் பல் தலைகீழாக இருக்கும், மைக்கா ஒட்டிய பலகையை மேல்பக்கம் பிசிறில்லாமல் வெட்டலாம். டி118ஏ மெல்லிய இரும்புக்கு. இந்த மூன்றும் டப்பாவில் இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

பேட்டரி டிரில் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் பெட்டியில் 48 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு செட்டை ஆன்லைனில் சல்லிசாக வாங்கி, சீக்கிரமே சார்ஜ் நிற்கவில்லை என்று கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் உள்ளே வரிசையாக ஐந்து செல். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18, முழு சார்ஜில் 20, 21 வரும். 48 எங்கிருந்தும் வராது. பெயர் உள்ள கம்பெனிகள் 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போடுவதும் இதே ஐந்து செல்லைத்தான், அளக்கும் நேரம்தான் வேறு, அதனால் 20 என்று பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அலமாரி மாட்ட, கீல் இறுக்க, கட்டில் பிரிக்க மூன்று செல் உள்ள 12 வோல்ட்டே எனக்குப் போதுமாக இருக்கிறது, எடை குறைவு என்பதால் ஸ்டூல் மேல் நின்று ஒரு கையில் பிடிக்கலாம். பேட்டரியை முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைப்பதும், வெயிலில் நிற்கும் காரிலோ தகரக் கொட்டகையிலோ போடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். பாதி சார்ஜில், நிழலில் வையுங்கள். இங்கேயும் நுனி விஷயம் உண்டு. ஸ்க்ரூ தலை தேய்ந்துபோகிறது என்று ஸ்க்ரூவைத் திட்டுவார்கள், பல நேரம் தேய்ந்திருப்பது பிட். பிட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

கைக்கருவிகளுக்கு வருகிறேன், என் மனதுக்கு நெருக்கமானவை இவைதான்.

புது உளி கூராக வராது. அதை வாங்குபவர்களிடம் யாரும் சொல்வதில்லை, நேரே மரத்தில் வைத்து அடித்துப் பார்த்துவிட்டு உளி மட்டம் என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். உளிக்கு இரண்டு முகம், சரிந்த முகத்தை மட்டும் தீட்டினால் போதாது, பின்பக்கத் தட்டை முகம் உண்மையிலேயே தட்டையாக இருந்தால்தான் இரண்டும் சேரும் விளிம்பு கூராகும். நான் செய்வது இதுதான்: சமையல் மேடை போட்டதில் மிஞ்சிய கிரானைட் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, உளியின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தேய்ப்பேன். சில இழுப்பில் ஓரத்துக் கோடெல்லாம் அழிந்து நடுவில் மட்டும் மை அப்படியே நிற்கும், அந்த இடம் பள்ளம் என்று அர்த்தம். நுனியில் இருந்து ஒரு இன்ச் தூரம் மை முழுக்க மறையும்வரை விடக்கூடாது. உளியின் ஆயுளுக்கும் இதை ஒரு தடவை செய்தால் போதும். பிறகு சரிந்த முகத்தை 25 டிகிரியில் கார்போரண்டம் கல்லில் தீட்டி, கடைசியில் நுனியை மட்டும் 30 டிகிரிக்குத் தூக்கி நாலு இழுப்பு. பின்பக்கம் விரலை வைத்து நுனியை நோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும், அது விளிம்பு முழுக்கத் தட்டுப்பட்டால்தான் தீட்டல் முடிந்தது. பின்பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து அந்தப் பிசிறை எடுத்துவிடுங்கள். கூர் பார்க்க விரலை வைக்க வேண்டாம், மலிவான பேக்கிங் கட்டையின் குறுக்கு முகத்தில் கையாலேயே தள்ளிச் சீவிப் பாருங்கள். சீவிய இடம் பளபளவென்று இருந்தால் சரி, வெள்ளையாக நொறுங்கியிருந்தால் இன்னும் போகணும்.

பெஞ்ச் கிரைண்டரில் காட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் நுனி நீலநிறமாக மாறிவிட்டால் அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது, அந்தப் பகுதி தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது. தண்ணீரில் முக்கி முக்கித்தான் காட்ட வேண்டும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், ப்ளைவுட்டில் பசை அதே வேலையைச் செய்யும். ஆகவே தீட்டுவது தினசரி வேலை என்று எடுத்துக்கொள்வது நல்லது. என்னிடம் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்த ஒரு உளி இருக்கிறது, பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். கடையில் வாங்கிய செட்டைவிடக் கூர் அதிக நேரம் நிற்கிறது, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியின் அடிக்கும் அசராது. உங்கள் ஊரில் இன்னும் உலைக்களம் நடத்துபவர் இருந்தால் அவரிடம் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்கும் வேலை.

இரும்பு இழைப்புளி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எடுத்தது. நாலாம் நம்பர் அளவு, மேலெல்லாம் துரு. பழையதில் துருவைப் பார்க்காதீர்கள், அடித்தகட்டில் விரிசல் இருக்கிறதா, பிளேடில் இன்னும் எஃகு மிச்சம் இருக்கிறதா, திருகுகள் திரும்புகின்றனவா, இந்த மூன்றையும் பாருங்கள். அடித்தகட்டையும் அதே கிரானைட் கல்லில்தான் தேய்த்தேன். வேப்பமரத்தில் இழை மாறி மாறி ஓடும், இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும், பலர் அதனாலேயே வேம்பைத் தொடுவதில்லை. பிளேடுக்கு மேல் உட்காரும் தகட்டை விளிம்புக்கு அரை மி.மீ.க்கும் குறைவான தூரத்தில் நிற்கும்படி முன்னால் தள்ளி, பிளேடை மிகக் குறைவாக வெளியே விட்டால், சீவல் எழும்போதே அந்தத் தகடு அதை மடக்கிவிடுகிறது, பிய்வதற்கு நேரமே இல்லை. வேப்பம் பலகை கண்ணாடியாக வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. உப்புத்தாள் போடவே மனம் வரவில்லை.

கடைசியாக, யாரும் கருவிக் கணக்கில் சேர்க்காத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 1200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்னும் அதிகம். மொபைல் சார்ஜருக்கு வாங்கின மெல்லிய ஒயர் பாக்ஸில் அதைக் குத்தினால் வோல்டேஜ் இறங்கி, மெஷின் முக்கி, மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சர் சூடாகும். 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர், எர்த்தோடு, 16 ஆம்பியர் பிளக், இதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டிக்கொண்டேன். ஒயரைச் சுருட்டி வைக்கும் வகை என்றால் முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், சுருட்டியபடியே ஓட்டினால் உள்சுற்றில் சூடு தேங்கி ஒயர் உருகும். கூடவே உங்கள் டிரில்லுக்கும் கிரைண்டருக்கும் மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் ஒரு ஜோடி இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. மெஷின் விட்டு விட்டு ஓடினாலோ உள்ளே பொறி அதிகமாகத் தெரிந்தாலோ முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள், தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பல மாடல்களில் பக்கவாட்டு மூடியைத் திருகினாலே வெளியே வந்துவிடும், மற்றதற்கு சர்வீஸ் கடையில் கொடுத்தால் கையோடு மாற்றித் தருவார்கள்.