மத்தலேனா தீவுகள்: பெரிய போட்டா, நாமளே ஓட்டுற ரப்பர் போட்டா?

இத்தாலியோட சார்டினியா தீவுல, வடக்குல இருக்குற பலாவ் ஊர் வரைக்கும் போயிட்டு, மத்தலேனா தீவுகளைச் சுத்த எதுல ஏறுறதுன்னு முழிக்கிறவங்களுக்கு இது.

செலவு: பெரிய போட்ல ஆளுக்கு ஒரு டிக்கெட், நிறைய போட்ல மதியம் பாஸ்தாவும் குடுத்துடுறாங்க. ரப்பர் போட்னா வாடகை, பெட்ரோல், நேஷனல் பார்க் பர்மிட்னு தனித்தனியா போகும், நாலஞ்சு பேர் சேர்ந்தா தான் கட்டும்.

லைசென்ஸ்: ரப்பர் போட் இன்ஜின் 40 ஹெச்பி வரைக்கும்னா தேவையில்ல.

காத்து: இது தாங்க முக்கியம். வடமேற்குல இருந்து மேஸ்த்ராலேங்குற காத்து அடிச்சா கோர்சிகா தீவுக்கும் சார்டினியாவுக்கும் நடுவுல இருக்குற போனிஃபாச்சோ ஜலசந்தில காத்து நெருக்கிக்கிட்டு வரும், அனுபவம் இல்லாதவங்க சின்ன போட்ல போகவே போகாதீங்க, முந்தின நாளே வானிலை பாத்துடுங்க.

நேரம்: பெரிய போட்ல ஸ்பார்ஜி, சாந்தா மரியா தீவுகள்னு அவங்க நிறுத்துற இடம், அவங்க சொல்ற நேரம். ரப்பர் போட்ல ஆளில்லாத குடாவா பாத்து எவ்ளோ நேரம் வேணா நீந்தலாம், எனக்கு இதுக்கே மனசு போகுது.

புதெல்லி தீவோட இளஞ்சிவப்பு கடற்கரைல எதுல போனாலும் இறங்க முடியாது, மணலை அள்ளிட்டு போயே அழிச்சுட்டாங்க, அதனால தூரத்துல இருந்து தான் பாக்கணும்.

சின்ன குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா பெரிய போட். காத்து இல்லாத நாள், நண்பர்கள் கூட்டம், ஒருத்தருக்காவது போட் ஓட்டி பழக்கம்னா ரப்பர் போட்.