கடலோரப் பாரம்பரிய ஹோட்டல் கல்யாணத்துக்கு கோடாக்ஸ் ஏடி200 புரோ போதுமா?

உச்சி வெயில் நேரத்தைக் கழித்துவிட்டால், போதும். ஒன்றல்ல, இரண்டு வேண்டும். பேட்டரியில் ஓடும் இந்தச் சிறிய ஃபிளாஷைப் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை ஸ்டுடியோ சுவரின் முன் வைத்துச் சோதித்தவை. நூறு வருடப் பழைய கட்டடம், எதிரே கடல், நடுவே காற்று, உள்ளே மஞ்சள் விளக்கு என்று நான்கும் ஒரே நாளில் வந்தால் இந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் பயணக் கணக்கு. வெளியூர் கல்யாணம் என்றால் விமானம் உண்டு. பேட்டரி 14.4 வோல்ட், 2900 எம்ஏஎச். பெருக்கினால் 41.76 வாட்-அவர். விமானங்களில் 100 வாட்-அவர் வரையான லித்தியம் பேட்டரிக்குத் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் உதிரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. முனைகளின் மேல் மூடி போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள். இதே நிறுவனத்தின் பெரிய ஃபிளாஷான ஏடி600 புரோவின் பேட்டரியும் (74.88 வாட்-அவர்) இதே வரம்புக்குள் அடங்கும்தான். ஆனால் அதன் உடலைத் தூக்கிக்கொண்டு போனால் கைப்பையின் எடை வரம்பு அங்கேயே தீர்ந்துவிடும். ஏடி200 புரோ தலையும் பேட்டரியும் சேர்த்து ஒரு கிலோவுக்குள் நிற்கிறது. இரண்டு ஃபிளாஷ், நான்கு பேட்டரி, இரண்டு கேமரா எல்லாம் ஒரே கைப்பையில் அடங்குகின்றன. ஹோட்டலுக்குப் போய்ச் சேராத பெட்டியில் இருக்கும் ஃபிளாஷ் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தென்ன?

இந்த மாதிரி இடத்தில் ஃபிளாஷின் வேலையைத் தீர்மானிப்பது ஹோட்டல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான். கொழும்பின் காலி முகத்திடல் ஹோட்டல் (1864) மேற்கே கடலைப் பார்த்து நிற்பது. சூரியன் கடலில் இறங்கும், மணமக்களின் முகம் இருட்டும். அங்கே ஃபிளாஷ் இல்லாமல் வானத்தின் நிறமும் முகமும் ஒரே படத்தில் கிடைக்காது. ஃபுளோரிடா பாம் பீச்சின் தி பிரேக்கர்ஸ் (இப்போதுள்ள கட்டடம் 1926) கிழக்குக் கரையில் இருக்கிறது. மாலையில் அங்கே கட்டடத்தின் நிழலே கடல் பக்கப் புல்வெளியில் விழும். மென்மையான ஒளி இலவசமாகக் கிடைக்கும், ஃபிளாஷுக்கு வேலை கொஞ்சம்தான். அதற்குப் பதிலாக அதிகாலையில் எழ வேண்டும். ஆக, ஒப்புக்கொள்ளும் முன் வரைபடத்தைத் திறந்து திசையைப் பார்த்துவிடுங்கள். மேற்குப் பார்த்த ஹோட்டல் என்றால் இந்த ஃபிளாஷ் அவசியம், கிழக்கு என்றால் வசதி.

இப்போது உச்சி வெயில். ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வைத்தால் நல்ல வெயிலில் ஷட்டர் 1/3200க்குப் போகும். அந்த வேகத்தில் ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் அடிக்க வைக்கும் முறை) இல்லாமல் முடியாது. ஹை ஸ்பீடு சிங்கில் ஷட்டரின் திரைகள் ஒரு கீற்றாகத்தான் நகரும். கீற்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்வரை ஃபிளாஷ் விட்டுவிட்டுத் துடித்து எரிந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிவரும் ஒளியில் பெரும்பகுதி மூடிய திரையில் மோதி வீணாகும். இந்த ஃபிளாஷின் 200 வாட்-செகண்ட் (ஒரு வெடிப்புக்கான ஆற்றல்) இந்த வீணடிப்பைத் தாங்காது. ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸும் மாட்டினால் முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்தால்தான் ஏதாவது தெரியும், அப்போது அது படத்துக்குள்ளேயே வந்துவிடும்.

இதற்கு வழி, லென்ஸில் ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது என்டி8 (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). எஃப் 4, என்டி8 என்றால் ஷட்டர் 1/200க்கு இறங்கிவிடும், சாதாரண சிங்கிலேயே வேலை செய்யலாம். ஃபில்டர் ஃபிளாஷின் ஒளியையும் குறைக்கத்தான் செய்யும். ஆனாலும் ஹை ஸ்பீடு சிங்கில் போவதைவிட இழப்பு குறைவு. கணக்காகச் சொன்னால், ஃபில்டர் இல்லாமல் எஃப் 11, 1/200 வைத்து வெயிலுக்கு ஈடு கொடுப்பதும் இதுவும் ஒன்றே. மாற்றி மாட்டக்கூடிய இரண்டு தலைகளில் ஒன்றான ஃபிரெஸ்னல் தலையின் கைடு நம்பர் (தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் வருவது) 52. அதாவது எதுவும் மாட்டாத ஃபிளாஷ் முழுச் சக்தியில் 4.7 மீட்டர் தூரம் வரை எஃப் 11 தரும். சாஃப்ட்பாக்ஸ் போட்டால் இந்தத் தூரம் பாதிக்கும் கீழே போகும். இருவர் நிற்கும் படத்துக்குச் சமாளிக்கலாம். இருபது பேர் குடும்பப் படத்துக்கு நடக்காது.

குடும்பப் படத்தை வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னால், ஏடி-பி2 என்ற இரட்டைத் தலை அடாப்டரில் இரண்டு ஏடி200 புரோவையும் சேர்த்து 400 வாட்-செகண்டாக்கலாம். அது சரியாக ஒரு ஸ்டாப் கூடுதல், அவ்வளவுதான். அதைவிட நல்லது, கூட்டத்தைத் தாழ்வாரத்து நிழலுக்குள் நகர்த்துவது. பழைய கடலோர ஹோட்டல்களின் ஆழமான தாழ்வாரங்கள் வெயிலுக்காகவே கட்டப்பட்டவை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் ஃபிளாஷை அந்தச் சுவர் மேலேயே அடியுங்கள். கடையில் விற்கும் எந்த ஃபிளாஷ் குடையும் அவ்வளவு பெரிய, மென்மையான ஒளியைத் தராது. பல வரிசையில் ஆட்கள் நின்றால் விளக்கைத் தூரமாக வையுங்கள். விளக்கிலிருந்து முன்வரிசை இரண்டு மீட்டரிலும் பின்வரிசை மூன்று மீட்டரிலும் இருந்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரு ஸ்டாப்புக்கும் மேலே வித்தியாசம் வரும். முன்வரிசையிலிருந்து விளக்கு ஐந்து மீட்டரில் இருந்தால் அந்த வித்தியாசம் அரை ஸ்டாப்தான்.

சூரியன் கடலைத் தொடும் நேரத்தில்தான் இந்த ஃபிளாஷின் அருமை தெரியும். வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷரை வையுங்கள், பார்வைக்கு ஒரு ஸ்டாப் குறைவாகவே. பிறகு ஃபிளாஷால் முகத்தை நிரப்புங்கள். கால் சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் நிறத்தாள்) ஒன்றை ஒட்டாமல் விடாதீர்கள். வானம் ஆரஞ்சாக இருக்க முகம் மட்டும் 5600 கெல்வின் வெள்ளையில் தெரிந்தால், மணமக்களை வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். கால் ஜெல் ஃபிளாஷை ஏறத்தாழ 4500 கெல்வினுக்குக் கொண்டுவரும், அரை ஜெல் 3800க்கு. சூரியன் மறைந்தபின் வானம் நீலமாகும்போது ஜெல்லைக் கழற்ற மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சூரியன் மறைந்த பத்து நிமிடத்தில் ஒளி சரசரவென விழும். அந்த நேரத்தில் 1/8, 1/16 சக்தியே போதும், ஃபிளாஷ் உடனுக்குடன் தயாராகிவிடும். முழுச் சக்தியில் மட்டும்தான் 1.8 நொடி காத்திருக்க வேண்டும். முழுச் சக்திக்கு இன்னொரு குறையும் உண்டு: ஒளித்துடிப்பின் நீளம் ஏறத்தாழ 1/220 நொடி. ஷட்டரை 1/250ல் வைத்தால் அந்தத் துடிப்பின் வால் வெட்டுப்படும். முழுச் சக்தி வேண்டும் என்றால் 1/160 அல்லது 1/200ல் நில்லுங்கள்.

காற்றைப் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை என்று தெரியவில்லை. கடற்கரையில் ஒரு மீட்டர் குடையை ஸ்டாண்டில் மாட்டினால் அது பாய்மரம். ஐந்து கிலோ மணல் மூட்டை கட்டினாலும் பலமான காற்று அதைச் சாய்த்துவிடும், விழுவது விருந்தாளியின் மேல். கடல் பக்கம் ஸ்டாண்டே வேண்டாம். மோனோபாட் அல்லது நீட்டுக் கம்பின் நுனியில் ஃபிளாஷை மாட்டி உதவியாளர் கையில் கொடுங்கள். 600 வாட்-செகண்ட் விளக்கைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நிற்க யாராலும் முடியாது. இந்த ஒரு கிலோ பெட்டியைத் தூக்கலாம். இங்கே எடைதான் இதன் உண்மையான பலம், ஒளி அல்ல.

உள்ளே நடனக் கூடம் வேறு உலகம். கூரையில் ஒளியைத் தெறிக்க விடலாம் என்று நினைப்பவர்கள் மேலே பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஹோட்டல் டெல் கொரொனாடோ (1888) போன்ற இடங்களில் பெரிய கூடத்தின் கூரை பத்து மீட்டர் உயரத்தில் பழுப்பு மரத்தால் ஆனது. மேலே போன ஒளி திரும்பி வராது, வந்தாலும் மரத்தின் நிறத்தோடு வரும். தங்க முலாம் பூசிய கூரையும் இதே கதைதான். இரண்டு ஃபிளாஷையும் எதிரெதிர் மூலைகளில் இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்து, நேராக நடனத் தளத்தைப் பார்க்க விடுங்கள். அரை சிடிஓ, 1/16 அல்லது 1/32 சக்தி, ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/100. இப்போது ஒரு விளக்கு முகத்தில் விழும், மற்றது முடியின் ஓரத்தில் கோடு போடும். நீங்கள் சுற்றிச் சுற்றி நடந்தாலும் இரண்டும் தம் வேலையை மாற்றிக்கொள்ளும். கூடத்தின் விளக்குகள் எல்இடியாக மாற்றப்பட்டிருந்தால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/100ம், 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/125ம் படத்தில் பட்டை விழுவதைக் குறைக்கும்.

சுவரெங்கும் ஆளுயரக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். ஃபிளாஷை வைத்த இடத்திலிருந்து கண்ணாடிக்குள் கேமரா தெரிகிறதா என்று உதவியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கேமரா தெரிந்தால் உங்கள் படத்தில் ஃபிளாஷ் தெரியும். பாரம்பரியக் கட்டடத்தில் சுவரில் டேப் ஒட்டவோ, கைப்பிடியில் கிளாம்ப் போடவோ பெரும்பாலும் விட மாட்டார்கள். மரத் தளத்துக்கு ஸ்டாண்டின் கால்களில் ரப்பர் உறை கேட்பார்கள். இவற்றை நிகழ்ச்சி அன்று அல்ல, முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஃபிளாஷ் அடிக்காமல் போவதற்கும், தேவையில்லாமல் அடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஃபிளாஷ் அல்ல. கேமரா மேல் மாட்டி ஃபிளாஷை அடிக்க வைக்கும் டிரிகர் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது, ஹோட்டலின் வைஃபையும் அதே அலைவரிசையில். டிரிகரில் உள்ள ஸ்கேன் வசதியால் நெரிசல் குறைந்த சேனலைத் தேர்ந்தெடுங்கள். கோடாக்ஸின் எக்ஸ்புரோ டிரிகரில் தூர அமைப்பு ஒன்று உண்டு: 1–100 மீட்டரில் இருந்தால் ஃபிளாஷ் மிக அருகில் இருக்கும்போது தவறவிடலாம், 0–30க்கு மாற்றுங்கள். வீடியோ குழுவிலோ இரண்டாவது புகைப்படக்காரரிடமோ கோடாக்ஸ் இருந்தால் உங்கள் ஃபிளாஷை அவர்கள் வெடிக்க வைப்பார்கள், பேட்டரியும் காலியாகும். சேனலோடு வயர்லெஸ் ஐடியையும் 01 முதல் 99க்குள் ஏதாவது ஓர் எண்ணாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

குறைகளுக்கு வருவோம். உப்புக் காற்றுக்கும் தூறலுக்கும் எதிராக எந்தப் பாதுகாப்பும் இதில் இல்லை. ஸ்டாண்டில் சாய்த்து மாட்டத் தனியாக எஸ்2 பிராக்கெட் வாங்க வேண்டும். மாடலிங் விளக்கு (ஒளி எங்கே விழும் என்று காட்டத் தொடர்ந்து எரிவது) பெயருக்குத்தான், மற்றொரு தலையான வெற்றுக் குழல் தலையில் அதுவும் இல்லை. அந்தக் குழலின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது, பயணத்தில் கழற்றி அதன் உறையில் போட வேண்டும். வட்டத் தலையும் காந்த ஜெல் தொகுப்பும் தனியாகத்தான் விற்கிறார்கள். ஆனால் இருட்டில் ஜெல் மாற்றுவோருக்கு அது இல்லாமல் ஆகாது. தினமும் வேலை முடிந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி அதன் முனைகளைப் பாருங்கள். பச்சை படியத் தொடங்கினால் பிறகு அது நிற்காது. குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸின் மேல் பனித்திரை படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னால் தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள்.

முழுச் சக்தியில் ஒரு பேட்டரிக்கு 500 வெடிப்பு என்கிறது நிறுவனம். கல்யாணத்தில் பெரும்பாலும் 1/8க்குக் கீழேதான் ஓடும் என்பதால் ஒரு ஃபிளாஷுக்கு இரண்டு பேட்டரி இருந்தால் முழு நாளும் ஓடும். உச்சி வெயிலில் பெரிய குடும்பப் படங்களே உங்கள் பிழைப்பு என்றால் ஏடி600 புரோ வாங்குங்கள், இதை வாங்கி ஏமாற வேண்டாம். பழைய ஏடி200 ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் விற்க வேண்டியதில்லை. புரோவில் ஒளி 1/256 வரை இறங்கும், பழையதில் 1/128தான். நிறம் நிலையாக இருப்பதும் புரோவில்தான். எனவே முகத்துக்கு ஒரு புரோவைச் சேர்த்து, பழையதைத் தலைமுடிக்கும் முக்காட்டுக்கும் பின்னாலிருந்து ஒளி போடும் மூலைக்கு அனுப்பினால் நிற வித்தியாசம் படத்தில் பெரிதாகத் தெரியாது.