பூஸ்டரைக் கடைசியில் வாங்குங்கள்: கிராமத்து ஆன்டெனாவுடன் எட்டு ஆண்டுகள்

ஒளிபரப்புக் கோபுரம் எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் அடர்ந்த மரங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் கூரைமேல் ஆன்டெனா வைத்தபோது, கிடைக்க வேண்டிய ஐந்து அலைவரிசைகளில் இரண்டுதான் சீராக வந்தன. இரண்டு கட்டம் கட்டமாக உடைந்தன. ஒன்று தேடலில்கூடச் சிக்கவில்லை. இன்று ஐந்தும் வருகின்றன. இடையில் நான் செய்த செலவில் பாதி வீண். அந்தப் பாதியை இன்னொருவர் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு பூஸ்டர். படம் உடைந்ததும் டிவிக்குப் பின்னால், சிக்னலைப் பெருக்கும் கருவியான பூஸ்டர் ஒன்றைப் பொருத்தினேன். சிக்னல் வலிமையைக் காட்டும் பட்டை சட்டென்று 80 சதவீதத்தைத் தாண்டியது. படம் மட்டும் முன்பு போலவே உடைந்தது. காரணம் புரியச் சில மாதங்கள் ஆயின. பூஸ்டர் தன்னிடம் வந்து சேர்வதை எல்லாம் பெருக்கும். சிக்னலோடு கலந்துவிட்ட இரைச்சலும், அதாவது தேவையற்ற மின் குறுக்கீடும், அதே அளவு பெருகும். தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் அது சேர்க்கும். கம்பத்தின் உச்சியிலிருந்து டிவி வரை எனக்கு 30 மீட்டர் கேபிள். டிவி அலைகள் வரும் 600 மெகாஹெர்ட்ஸ் அளவில், ஆர்ஜி-6 எனப்படும் நல்ல டிவி கேபிளிலேயே அந்தத் தூரத்துக்கு ஐந்தாறு டெசிபல் குறைந்துவிடும். ஆறு டெசிபல் குறைந்தால், ஆன்டெனா பிடித்த ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு வழியிலேயே போய்விட்டது என்று பொருள். என்னிடம் இருந்ததோ அதைவிட மெல்லிய, வெயிலில் வெடித்த பழைய கேபிள். அதில் தொலைந்ததைக் கீழே உட்கார்ந்திருக்கும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

அன்றிலிருந்து வலிமைப் பட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 'தரம்' என்று காட்டும் இன்னொரு பட்டைதான் உண்மையைச் சொல்லும். பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடும். ஆனாலும் முகம் தெரியும், பேச்சு கேட்கும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஓர் எல்லை வரை படம் குறையே இல்லாமல் தெரியும். அதற்குக் கீழே போனால் ஒன்றுமே இல்லை. ஆகவே 'படம் நன்றாக வருகிறது' என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. எல்லையிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறோம் என்பதே கேள்வி. அந்த இடைவெளிதான் மழையிலும் காற்றிலும் நம்மைக் காப்பாற்றும்.

பெரிய முன்னேற்றம் கிடைத்தது இடத்தை மாற்றியதில். அதற்கு உழைப்பைத் தவிர வேறு செலவே இல்லை. ஒரு தற்காலிகக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, கூரையின் நான்கு பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். உள்ளே அம்மா திரையைப் பார்த்துத் தரத்தின் எண்ணைச் சொல்ல, நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர்தான். ஆகவே அரை மீட்டர் நகர்ந்தாலே நிலைமை தலைகீழாக மாறக்கூடும். நேராக வரும் அலையும் தரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கைகோக்கும், பக்கத்திலேயே ஒன்றை ஒன்று அழிக்கும். மூன்று மீட்டர் தள்ளி, கூரையின் மறு மூலையில், தேடலுக்கே சிக்காத அந்த ஐந்தாவது அலைவரிசை முதன்முறையாகத் தலைகாட்டியது. அம்மா எண்ணைச் சொல்லவில்லை. 'வந்துவிட்டது' என்று கத்தினார்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபுரத்தின் உயரத்துக்கும் நம் ஆன்டெனாவின் உயரத்துக்கும், மீட்டரில், தனித்தனியே வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால், அலை பூமியின் வளைவைத் தாண்டி எட்டக்கூடிய தூரம் தோராயமாகக் கிலோமீட்டரில் வரும். 100 மீட்டர் கோபுரமும் 9 மீட்டர் கம்பமும் என்றால் ஏறத்தாழ 54. கம்பத்தை 12 மீட்டர் ஆக்கினால் 55ஐச் சற்றே தாண்டும். நான் எவ்வளவு விளிம்பில் நிற்கிறேன் என்பது இந்தக் கணக்கில்தான் உறைத்தது. நடுவில் மேடு இருந்தால் கணக்கு அப்படியே பொருந்தாது. மேலே போகப் போக நல்லது என்பதும் எப்போதும் உண்மை இல்லை: 12 மீட்டரை விட 11 மீட்டரில் என் பலவீனமான அலைவரிசை தெளிவாக இருந்தது. ஏற்றியபின் ஒரு முறையாவது இறக்கியும் பாருங்கள்.

ஆன்டெனா யாகி-உடா வகை: ஒரு தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும். 1926இல் ஜப்பானின் தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் உருவான வடிவம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கூரைகளில் நிற்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. கம்பிகள் கூடக் கூட அதன் பார்வை குறுகும், தூரமும் கூடும். அதனால் திசை துல்லியமாக இருக்க வேண்டும். சிறிது திருப்பிவிட்டு, கருவி சிக்னலைப் பூட்டிக்கொள்ளச் சில விநாடிகள் காத்திருங்கள். இடப்பக்கம் எங்கே உடைகிறது, வலப்பக்கம் எங்கே உடைகிறது என்று குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். திசையை அளக்க எடுத்துக்கொள்ள வேண்டியது மிகவும் பலவீனமான அலைவரிசையை.

இடம், திசை, புதிய கேபிள் எல்லாம் முடிந்த பிறகே, கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டருக்குள், பூஸ்டரை வைத்தேன். அதற்கான மின்சாரம் அதே கேபிள் வழியாக மேலே போகிறது. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெருக்க அளவு முக்கியமில்லை; பூஸ்டர் தானே சேர்க்கும் இரைச்சலைக் காட்டும் 'இரைச்சல் எண்' இரண்டு டெசிபலுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். வலுவான சிக்னலில் பூஸ்டர் திணறும். ஐந்தாம் ஆண்டில் எனக்கே அது நடந்தது. பக்கத்தில் ஒரு கைபேசிக் கோபுரம் முளைத்ததும் இரண்டு அலைவரிசைகள் மறைந்தன. ஆன்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் கைபேசி அலைகளைத் தடுக்கும் வடிகட்டியைச் சேர்த்த அன்றே திரும்பி வந்தன.

பராமரிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எட்டு ஆண்டுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் தரம் நாளுக்கு நாள் இறங்கியது. இணைப்பைக் கழற்றினால் உள்ளே தண்ணீர்; செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. நீர் கேபிளின் உறைக்கு உள்ளே இருக்கும் உலோக வலைக்குள் ஊறிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. இப்போது ஒவ்வொரு வெளி இணைப்பின்மீதும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுகிறேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதைக் கீழ்நோக்கி வளைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கம்பத்தையும் கேபிளின் உலோக வலையையும் பூமியோடு இணைப்பது கட்டாயம். கம்பம் சாய்ந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் அதை நிறுத்த வேண்டும். ஈரக் கூரையில் ஏறாதீர்கள், தனியாகவும் ஏறாதீர்கள். ஒரு நாள் படம் இல்லாமல் இருக்கலாம்.

நோட்டை இன்றும் எழுதி வருகிறேன். காற்று அசையாத பனிமூட்டக் காலைகளில், மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலைகள் வளைந்து வெகுதூரம் பயணம் செய்கின்றன. அப்போது பழக்கமில்லாத நிலையங்கள் சில எட்டிப்பார்க்கும். சில நாள் அவை எங்கள் அலைவரிசையிலேயே மோதிப் படத்தைக் கலைக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஆன்டெனாவைத் திருப்பினால் கெடுவது நாமே வைத்த திசைதான்.

மேட்டு மரங்கள் எட்டு ஆண்டுகளில் நன்றாக வளர்ந்துவிட்டன. இலைகள் நனைந்த நாட்களில் ஐந்தாவது அலைவரிசையின் தரம் 60இலிருந்து 45க்கு இறங்குகிறது. 40க்குக் கீழே போனால் படம் நிற்காது. அடுத்த வறண்ட பருவத்தில், ஒரே மாதிரியான இரண்டாவது ஆன்டெனாவை முதலாவதற்கு மேலே வைத்து, சம நீளக் கேபிள்களால் இணைத்துப் பார்க்கப் போகிறேன். கிடைத்தால் அதிகபட்சம் மூன்று டெசிபல். எனக்கு அது போதும்.