சக்கரம் கடித்த பலகையும் 62 வெள்ளியும்

நாற்பது வயதில் உங்களுக்கு ஸ்கேட்போர்டு எதற்கு என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. போன மாதம் பினாங்கு யூத் பார்க்கில் இடப்பக்கம் சாய்ந்து வளைத்தபோது முன்சக்கரம் பலகையின் அடியில் உரசிச் சட்டென்று நின்றது. பலகை நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கைத் தோல் போயிற்று. இதைத்தான் வீல் பைட் என்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் சக்கரத்துக்கு நேரே பிறை வடிவில் ஒரு கறுப்புத் தழும்பு.

வினை என்னுடையதுதான். ஜெலுத்தோங் ரோட்டின் சொரசொரப்புக்காக 52 மில்லிமீட்டர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 56 மில்லிமீட்டர் மென்சக்கரம் மாட்டியிருந்தேன். விட்டம் 4 கூடினால் இடைவெளியில் 2 போய்விடும். அந்தக் கணக்கை நான் போடவில்லை. பலகை எவ்வளவு சாயும் என்பதைக் கட்டுப்படுத்தும் கிங்பின் நட்டை இறுக்கிப் பார்த்தேன், பலகை வளையவே மறுத்தது. அப்புறம் ஆன்லைனில் 6 மில்லிமீட்டர் ரைசர் வாங்கினேன், பலகைக்கும் சக்கர அச்சுப் பாகத்துக்கும் நடுவில் வைத்து உயர்த்தும் தட்டு அது. நீள ஸ்குரூ வேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் இருந்த 1 அங்குல ஸ்குரூ, நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையத்தை எட்டவே இல்லை. அப்படியே ஓட்டினால் நட்டு தானாகக் கழன்றுவிடும்.

கொம்தார் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் சின்ன ஸ்கேட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தமிழ்ப் பையன்தான். ரைசரைக் கையில்கூட வாங்கவில்லை. "அண்ணே, முதல்ல மேல ஏறி நில்லுங்க" என்றான். ஒரு பக்கமாக முழு எடையையும் போடச் சொல்லிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தான். பிறகு டிரக்கை, அதாவது சக்கர அச்சைத் தாங்கும் பாகத்தைப் பிரித்து, அதற்குள் மெத்தைபோல இருக்கும் வளையமான அடி புஷிங்கை என் உள்ளங்கையில் வைத்தான். பாதி பிளந்திருந்தது. என் எடை 82 கிலோ. மென்மையான பழைய புஷிங் அதைத் தாங்காமல் அமுங்கி, சக்கரத்தை மேலே விட்டிருக்கிறது.

95ஏ கடினத்தன்மை உள்ள புஷிங் ஒரு செட், 3 மில்லிமீட்டர் ரைசர், 1⅛ அங்குல ஸ்குரூ எட்டு. எல்லாம் சேர்த்து 62 மலேசிய வெள்ளி, மாட்டிய கூலி இல்லை. "ஆறு போட்டா பலகை உயரமாயிடும், ஒவ்வொரு தடவை உதைக்கவும் காலை ரொம்ப இறக்கணும், முட்டி வலிக்கும்ணே" என்றான். இந்த வயசுக்கு என்று சேர்க்காமல் விட்டது அவன் பெருந்தன்மை.

இரண்டு வாரம் ஆகிறது. அதே வளைவு, அதே சாய்வு, தழும்பு கூடவில்லை. முதல் மூன்று நாள் புது புஷிங் விறைப்பாக இருந்தது, இப்போது இளகிவிட்டது. உயரம் கூடியது உதைக்கும்போது லேசாகத் தெரிகிறது, பழகிவிடும்.

குறை ஒன்றுதான்: மதியம் ஒரு மணிக்கு முன்னால் போனால் கடைக் கதவு பூட்டியிருக்கும், படியேறியது வீண். அந்த 6 மில்லிமீட்டர் ரைசர் ஜோடி இப்போது எங்கள் வாஷிங் மெஷின் ஆடாமல் பார்த்துக்கொள்கிறது.